பாய்மரப் படகுக்கு ஏசி: மெஷினை விடுங்கள், கரண்டைப் பாருங்கள்

மலேசியாவின் லங்காவி தீவில் வருடம் முழுக்கப் பாய்மரப் படகுகள் வந்து நிற்கும். சுங்க வரி இல்லாத தீவு என்பதால் படகை அங்கேயே வாங்கி, அங்கேயே பழுது பார்த்து, மாதக்கணக்கில் குடியிருப்பவர்களும் உண்டு. பகலில் 32, 33 டிகிரி வெயில். இரவிலும் பெரிதாக இறங்காது. கடல்நீரே 29, 30 டிகிரி இருக்கும். நாள் முழுக்க வெயில் குடித்த மேல்தளம் மேலே, வெதுவெதுப்பான நீர் கீழே. நடுவில் இருக்கும் கேபின் நள்ளிரவிலும் ஆறாது. அங்கே படகு வாங்கும் எவரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, ஏசி போடலாமா என்பதுதான்.

தாராளமாகப் போடலாம். ஆனால் வீட்டுக்கு வாங்குவதுபோல் கடைக்குப் போய், ஒன்றரை டன் என்று சொல்லி, ஆளை வரவழைத்து மாட்டிவிட முடியாது. கரண்டு எங்கிருந்து வரும், கடல்நீர் எந்த வழியாக வரும், மெஷினை எங்கே வைப்பது, அதிலிருந்து வடியும் தண்ணீரை எங்கே விடுவது என்று நான்கு கணக்குகளைப் போட வேண்டும். எந்தக் கம்பெனி மெஷின் என்பது கடைசிக் கேள்வி. 40 அடி நீளம், நடுவில் கூடம், முன்னால் ஒரு படுக்கை அறை, பின்னால் இரண்டு படுக்கை அறைகள் கொண்ட படகை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்குகளைப் பார்ப்போம்.

படகு இரவில் எங்கே நிற்கிறது?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்குப் பதில் வேண்டும். நங்கூரம் போட்ட படகு பெரும்பாலும் காற்றைப் பார்த்தே நிற்கும். காற்று திசை மாறினால் படகும் திரும்பும். முன்பக்கத்து மேல்திறப்பைத் திறந்து, அதன் மேல் காற்றை உள்ளே இறக்கும் துணிக்கூம்பு ஒன்றைக் கட்டிவிட்டால், அணியத்தில் நுழையும் காற்று எல்லா அறைகளையும் கடந்து பின்வாசல் வழியாக வெளியேறும். மேல்தளத்துக்கு மேல் வெள்ளைத் துணிப் பந்தலும், படுக்கைக்கு ஒரு சிறு ஃபேனும் இருந்தால் பல இரவுகளில் ஏசி நினைப்பே வராது.

படகுத்துறையில் கயிறு கட்டி நிற்கும் படகின் நிலை வேறு. காற்று பக்கவாட்டில் அடித்தாலும் பின்னாலிருந்து அடித்தாலும் படகு திரும்பாது. சுற்றிலும் மற்றப் படகுகள் காற்றை மறைக்கும். கொசுவலை போட்டால் வருகிற காற்றும் பாதியாகும். மழை வந்தால் திறப்புகளை மூடியே ஆக வேண்டும். இந்த நிலையில்தான் ஏசி தேவைப்படுகிறது. நல்ல வேளையாக, ஏசிக்கு வேண்டிய கரண்டும் படகுத்துறையில்தான் கிடைக்கிறது.

மழையிலும் காற்று வர ஒரு பழைய வழி உண்டு. ஓலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்து, 1930-ல் நீரில் இறங்கிய 'டோராட்' என்ற அமெரிக்கப் பந்தயப் படகின் பெயரால் அழைக்கப்படும் காற்றுப்பெட்டி அது. காற்றோடு வரும் தண்ணீர் பெட்டிக்குள் விழுந்து வெளியே வடிந்துவிடும், காற்று மட்டும் உள்ளே இறங்கும். உங்கள் படகில் அது அடைபட்டுக் கிடந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். செலவில்லாத வேலை.

கடல்நீரில் குளிரும் மெஷின்

வீட்டு ஸ்பிலிட் ஏசி அறையின் வெப்பத்தை எடுத்து, வெளியே மாட்டிய பெட்டி வழியாகக் காற்றில் கொட்டுகிறது. படகு ஏசி அதே வெப்பத்தைக் கடலில் கொட்டுகிறது. ஒரு பம்ப் கடல்நீரை உறிஞ்சி, செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாலான சுருள்குழாய்க்குள் அனுப்பும். சூடான குளிர்வாயு அந்த நீரிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிரும். வெப்பம் ஏறிய நீர் படகின் பக்கவாட்டில் உள்ள துளை வழியாக வெளியேறும். செம்பு–நிக்கல் உலோகம் உப்புநீரின் அரிப்பைத் தாங்கக்கூடியது என்பதால் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

நடுத்தரப் படகுகளுக்குப் பெரும்பாலும் எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய மெஷின்தான் பொருந்தும். கம்ப்ரஸர், சுருள்குழாய், ஊதுவிசிறி எல்லாம் சேர்ந்து இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும். வாயு தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டு வருவதால், பொருத்தும் இடத்தில் செம்புக்குழாய் வெல்டிங், வாயு நிரப்பல் எதுவும் வேண்டாம். கம்ப்ரஸரை இன்ஜின் அறையிலும் காற்றைக் குளிர்விக்கும் காயிலைக் கேபினிலும் பிரித்து வைக்கும் வகையும் உண்டு. சத்தம் குறையும், ஆனால் குழாய் இழுத்து வாயு நிரப்பத் தேர்ந்த ஆள் வேண்டும்.

எத்தனை பிடியு?

ஏசியின் குளிர்விக்கும் திறனை மணிக்கு இத்தனை பிடியு என்று அளக்கிறார்கள். 12,000 பிடியு என்பது ஒரு டன். படகுத் தொழிலில் உள்ள தோராயக் கணக்கு இது: நீர்மட்டத்தை ஒட்டிய கீழ் அறைகளுக்குச் சதுர அடிக்கு 60 பிடியு, பாதி மேலே எழும்பி ஜன்னல் உள்ள கூடத்துக்கு 90, முழுக்க மேல்தளத்தில் உள்ள அறைக்கு 120. வெப்ப மண்டலத்தில் இதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

நம் படகின் கூடம் 130 சதுர அடி என்றால் 90-ஆல் பெருக்க 11,700. முன் அறை 55 சதுர அடிக்கு 3,300. இரண்டும் சேர்த்து 15,000. இதற்கு 16,000 பிடியு மெஷின் ஒன்று. பின் அறைகள் இரண்டும் சேர்த்து 100 சதுர அடி, கணக்கு 6,000 காட்டும். லங்காவி வெயிலுக்கு 8,000 வைக்கலாம். ஒரே பெரிய மெஷினுக்குப் பதில் இப்படி இரண்டாகப் பிரிப்பது நல்லது. இரவில் தூங்கும் அறைக்கு மட்டும் சிறிய மெஷின் ஓடினால் போதும், ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும்.

பெரிதாக வாங்கினால் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். தேவைக்கு மேல் பெரிய மெஷின் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், படுக்கை பிசுபிசுக்கும், அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். கடலோரத்தில் ஏசியின் பாதி வேலை ஈரத்தை எடுப்பதுதான்.

கரண்டுக் கணக்கு

16,000 பிடியு மெஷினும் அதன் பம்பும் ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது 6 முதல் 7 ஆம்பியர். படகுத்துறைகளில் பொதுவாகக் கிடைக்கும் 16 ஆம்பியர் இணைப்பில் 3,600 வாட்டுக்கு மேல் எடுக்க முடியும். ஆக ஏசி, பேட்டரி சார்ஜர், விளக்குகள் எல்லாம் தாங்கும். அதோடு தண்ணீர்க் கொதிகலனையும் மின்அடுப்பையும் போட்டால் பிரேக்கர் விழும். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் ஓட்டத்துக்கு வேண்டியதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு ஆம்பியர் இழுக்கும். இதை அடக்க 'சாஃப்ட் ஸ்டார்ட்டர்' என்ற சிறு பெட்டியை மாட்டலாம். வேகம் மாறும் இன்வெர்ட்டர் வகை கம்ப்ரஸர் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

நங்கூரத்தில் பேட்டரியிலேயே ஓட்டலாமா? பின் அறைகளின் 8,000 பிடியு மெஷினை எடுத்துக்கொள்வோம். பம்போடு சேர்த்து 800 வாட். இரவில் பாதி நேரம்தான் கம்ப்ரஸர் ஓடும் என்று வைத்தாலும் சராசரி 400 வாட், எட்டு மணி நேரத்துக்கு 3.2 யூனிட். பேட்டரிக் கரண்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 300 ஆம்பியர்–மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். அதனால் 600 ஆம்பியர்–மணி வேண்டும், எடை ஏறக்குறைய 170 கிலோ. லித்தியம் பேட்டரியில் 400 ஆம்பியர்–மணி போதும், எடை 50 கிலோவுக்குள் முடியும்.

அப்படிக் காலியான பேட்டரியை மறுநாள் நிரப்ப வேண்டுமே! நிழல் விழாத 600 வாட் சோலார் பலகைகள் ஒரு நல்ல வெயில் நாளில் 2.4 யூனிட் அளவுக்குத் தரும். ஆனால் பாய்மரப் படகில் மரமும் கயிறும் நாள் முழுக்க எங்காவது நிழலைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜுக்கும் கரண்டு வேண்டும். ஒரு சிறு அறைக்கு ஓர் இரவு என்பதே இழுபறி. கூடத்தின் பெரிய மெஷினை இரவெல்லாம் ஓட்டினால் அதே கணக்கில் 6 யூனிட்டைத் தாண்டும். அதற்கு ஜெனரேட்டர்தான் வழி.

லங்காவியில் விற்பனைக்கு நிற்கும் படகுகளில் அமெரிக்காவிலிருந்து வந்தவையும் உண்டு. அவற்றின் சாதனங்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மலேசியத் துறைகளில் கிடைப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடாகும், நாளடைவில் கருகும். துறைக் கரண்டில் சார்ஜரை மட்டும் ஓட்டி, பேட்டரியிலிருந்து 60 ஹெர்ட்ஸ் இன்வெர்ட்டர் வழியாக ஏசிக்குக் கொடுப்பது ஒரு தீர்வு. படகை நிரந்தரமாக இங்கேயே வைத்திருப்பதானால் 50 ஹெர்ட்ஸ் மெஷின் வாங்கிவிடுவதே நல்லது.

கடல்நீர் வழி

படகு ஏசிக்கு வரும் கோளாறுகளில் பெரும்பங்கு மெஷினில் இல்லை, தண்ணீர் வரும் வழியில்தான் இருக்கிறது. வரிசை இது: படகின் அடியில் ஒரு துளை, அதில் கடல் வால்வு, அடுத்து வடிகட்டி, அடுத்து பம்ப், பிறகு மெஷின், கடைசியில் வெளியேறும் துளை. ஏசிக்குத் தனித்துளை வேண்டும். இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் துளையில் கிளை எடுக்கக் கூடாது. பாயில் ஓடும்போது படகு 15, 20 டிகிரி சாயும். பக்கவாட்டில் துளை இருந்தால் நீருக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சும். நடுக்கோட்டை ஒட்டி இடம் பாருங்கள்.

வால்வு வெண்கலத்தில் அல்லது கடலுக்கென்றே செய்த பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். வீட்டுக் குழாய்க் கடையில் கிடைக்கும் பித்தளை வால்வில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்து, ஒருநாள் கைப்பிடியோடு பெயர்ந்து வரும். துளை போடப் படகைக் கரையேற்றியாக வேண்டும் என்பதால், அடிப்பூச்சு அடிக்கும் சமயத்தோடு சேர்த்துச் செய்தால் செலவு மிச்சம். இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே மரமோ நுரையோ வைத்த உடல் என்றால், துளையைச் சுற்றி அந்த நடுப்பொருளை எடுத்துவிட்டு எப்பாக்சி நிரப்பிய பிறகே வால்வை மாட்ட வேண்டும். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதே அளவில் ஒரு மரத்தக்கையைக் கயிற்றில் கட்டி வையுங்கள். குழாய் பிய்ந்தால் அதுதான் படகைக் காப்பாற்றும்.

இந்தப் பம்ப் காற்றை உறிஞ்சத் தெரியாதது. அதனால் அதுவும் வடிகட்டியும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வால்விலிருந்து மெஷின் வரை ஹோஸ் ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மேலேறி இறங்கினாலும் அந்த வளைவில் காற்று சிக்கிக்கொள்ளும். அப்போது என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் உறுமும், வெளித்துளையில் சொட்டுக்கூட வராது, சில நிமிடங்களில் உயரழுத்தக் கோளாறு காட்டி மெஷின் நிற்கும். கரண்டை அணைத்துவிட்டு, பம்பின் வெளிவாயில் உள்ள கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைச் சற்றே இழுங்கள். உஸ்ஸென்று காற்று போகும், பின்னாலேயே தண்ணீர் எட்டிப் பார்க்கும். உடனே ஹோஸை அழுத்தி முடுக்குங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு துருப்பிடிக்காத கிளிப்புகள் போடுவது வழக்கம்.

டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தண்ணீர் வேண்டும். நம் 16,000 பிடியு மெஷினுக்கு 15 லிட்டர். வெளியேறும் துளையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் நீர் விழுவதை நடைமேடையிலிருந்தே பார்க்கலாம். ஒரு வாளியும் கடிகாரமும் இருந்தால் அளந்தும் விடலாம்.

காற்றும் வடியும் நீரும்

எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய மெஷினை இன்ஜின் அறையில் வைக்கக் கூடாது. இன்ஜின் புகை கேபினுக்குள் இழுக்கப்படும். பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளமும் வேண்டாம். இருக்கை, கட்டில், அலமாரி ஆகியவற்றின் அடியிடம் சரி. குளிர்காற்று கீழே இறங்கும் என்பதால் காற்று வரும் வாயை உயரத்திலும், மெஷினுக்குத் திரும்பும் வாயைத் தாழ்விலும் வையுங்கள். இரண்டும் எதிரெதிரே நெருங்கி இருந்தால் குளிர்ந்த காற்றே திரும்பிப் போய், அறை குளிர்ந்துவிட்டதாக மெஷின் ஏமாந்து நின்றுவிடும். 16,000 பிடியு மெஷினுக்கு 7 அங்குலக் காற்றுக்குழாய் வேண்டும். இடமில்லையென்று நசுக்கி வளைத்தால் குளிரில் பாதி வழியிலேயே போய்விடும். குழாய்க்கு வெப்பக் காப்பு உறை கட்டாயம்.

ஈரக் காற்றிலிருந்து பிரியும் தண்ணீர் மெஷினின் தட்டில் சேரும். லங்காவியில் அது நாளொன்றுக்குப் பல லிட்டர். பலரும் அதை பில்ஜுக்குள் விட்டுவிடுகிறார்கள். எடுத்த ஈரத்தைப் படகுக்குள்ளேயே கொட்டினால் பூஞ்சையும் நாற்றமும்தான் மிச்சம். தனித்தொட்டியும் சிறு பம்பும் வைத்து வெளியேற்றுவது சரியான முறை. வடிகுழாயின் நுனி இன்ஜினுக்கோ புகைபோக்கிக்கோ அருகில் முடியக் கூடாது. அந்தச் சிறு குழாய் வழியாகவும் நச்சுப்புகை உள்ளே வரும்.

உயிர் சம்பந்தப்பட்டவை

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மேல்தளத்தில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்து ஏசியை ஓட்டிக்கொண்டு கீழே தூங்குவது உயிரோடு விளையாடுவது. உள்ளே பொருத்திய டீசல் ஜெனரேட்டரானாலும், தூங்கும் ஒவ்வோர் அறையிலும் இந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும்.

துறைக் கரண்டு உள்ளே வரும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கர் வையுங்கள். படகும் அக்கம்பக்கத்துப் படகுகளும் ஒரே எர்த் கம்பியால் இணைவதால், உங்கள் படகின் உலோகங்களும் துத்தநாகக் கட்டிகளும் வேகமாக அரிக்கப்படும். இதைத் தடுக்க 'கால்வானிக் ஐசொலேட்டர்' உண்டு. மின்வேலையை வீட்டு எலக்ட்ரீஷியனிடம் கொடுக்காமல், படகு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

குறுக்குவழிகள்

மேல்திறப்பின் மீது உட்காரும் 5,000 முதல் 7,000 பிடியு தூக்கி வைக்கும் ஏசிகள் கிடைக்கின்றன. துளை வேண்டாம், கடல்நீர் வேண்டாம், பாய் விரிக்கும் முன் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். துறையில் சில மாதம் மட்டும் தங்குபவருக்கு இதுவே போதும். வீட்டு ஜன்னல் ஏசியைப் பின்வாசலில் செருகுபவர்களும் உண்டு. விலை குறைவு. ஆனால் உப்புக்காற்று அதன் அலுமினியத் தகடுகளைச் சீக்கிரம் தின்றுவிடும். தீ பிடித்தால் ஓடிவரும் வழியை மறித்துக்கொண்டு நிற்பது அதைவிடப் பெரிய ஆபத்து. ஒற்றைக் குழாயோடு வரும் நகர்த்தும் ஏசியைத் தவிர்த்துவிடுங்கள். அது உள்ளே குளிர்ந்த காற்றையே வெளியே தள்ளும், அந்த இடத்துக்கு ஈரமான சூட்டுக்காற்று இடுக்குகள் வழியாக உள்ளே வரும்.

பராமரிப்பு

வடிகட்டியை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். கடற்பாசி, பிளாஸ்டிக் துண்டு, சொறிமீன் எதுவும் சிக்கியிருக்கலாம். கடல் வால்வை முதலில் மூடிவிட்டுத் திறக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வெப்பக் கடலில் கொட்டலசு உள்ளெடுக்கும் வாயிலும் ஹோஸுக்குள்ளும் வளரும். தண்ணீர் மெலிந்தால், தயாரிப்பாளர் சொல்லும் மென் அமிலக் கரைசலைச் சுருள்குழாயில் சுழலவிட்டுப் படிவைக் கரைக்கலாம். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். படகில் ஆளில்லாத நாட்களில் கடல் வால்வை மூடி வையுங்கள்.

முடிவாகச் சொன்னால், வருடத்தில் பெரும்பகுதி துறையில் கட்டி நிற்கும் படகுக்குக் கடல்நீரில் குளிரும் ஏசி தகுந்த செலவு. நங்கூரத்தில் வாழ்பவர்கள் பந்தல், துணிக்கூம்பு, ஃபேன் ஆகியவற்றுக்கு முதலில் செலவழியுங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் படுக்கை அறைக்கு மட்டும் ஒரு சிறிய மெஷின் வையுங்கள். எதுவானாலும், விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் ஒரு காகிதத்தில் உங்கள் படகின் ஆம்பியர்களைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டல் சரிவராவிட்டால் எந்த மெஷினும் உங்களைக் குளிர்விக்காது.